தனி மேடையா, துணை வாசிப்பா: எங்கள் வீட்டுப் பியானோக் கணக்கு

அக்காவின் மகளான என் மருமகளின் எட்டாம் கிரேட் பியானோப் பரீட்சையைக் குழப்பியது பீத்தோவன்தான்.

லண்டன் ஏபிஆர்எஸ்எம் சபை நடத்துகிற இசைப் பரீட்சையை வீடியோவாக எடுத்து அனுப்பும் முறை 2020இல் வந்தது. நான்கு உருப்படிகளையும் ஒரே ஓட்டமாக வாசிக்க வேண்டும். இடையில் நிறுத்தக்கூடாது, வெட்டி ஒட்டவும் கூடாது. மூன்றாவது முடிந்து அவள் மூச்சு விடுகிற நேரம் பார்த்து திருகோணமலையில் எங்கள் உப்புவெளி ஒழுங்கைக்குள், பாட்டுப் போட்டுக்கொண்டு ரொட்டி விற்கிற பாண் ஓட்டோ திரும்பியது. சூன் பாண்காரர் எந்தப் பாட்டைப் போட்டுக்கொண்டு வருவார் என்று இலங்கையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பீத்தோவன் 1810இல் எழுதிய 'ஃபூர் எலீஸ்'. அத்தான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். "தம்பி, பாட்டை நிப்பாட்டு, இருக்கிற பாண் எல்லாத்தையும் நான் எடுக்கிறன்" என்று அவர் கத்தியதும் வீடியோவில் தெளிவாகப் பதிந்திருக்கிறது. அன்றிரவு எங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் மீன் பணிஸ்தான் சாப்பாடு. பரீட்சையை மறுநாள் விடிய ஐந்து மணிக்கு எடுத்தோம். மார்கழி இல்லாதபடியால் கோயில் ஒலிபெருக்கியும் தொந்தரவு செய்யவில்லை.

அது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. இப்போது அவளுக்கு 19 வயது, உயர்தரப் பெறுபேறும் வந்துவிட்டது. அடுத்தது என்ன என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு பதில். வளாகத்துக்குப் போகட்டும், பியானோ ஒரு பக்கத்தில் இருக்கட்டும் என்பது அக்காவின் கட்சி. லண்டனுக்கு அனுப்பிக் கச்சேரி மேடைக் கலைஞராக்க வேண்டும் என்பது அத்தானின் கனவு. ஜேர்மனியில் இருக்கிற அவருடைய அண்ணன், "இஞ்ச படிப்புக்குக் காசு இல்லை, அனுப்பிவிடுங்கோ" என்று ஞாயிறுதோறும் போன் எடுக்கிறார். பத்து வருடமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ரீச்சர் கொழும்பு என்கிறார். சம்பந்தப்பட்ட பிள்ளை மட்டும் வாய் திறக்கவில்லை. நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அதனால், "நீ ஒருக்கா எல்லாத்தையும் ஒரு தாளில எழுதிப் பார்" என்று அக்கா என் தலையில் கட்டிவிட்டாள். அந்தத் தாள் நீண்டு இப்படி ஆகிவிட்டது.

ஊர்களையும் கல்லூரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு மதிப்பிடலாம் என்றுதான் தொடங்கினேன். இரண்டு நாள் எழுதிய பிறகுதான் கணக்கையே தவறான இடத்தில் தொடங்கியிருக்கிறேன் என்று பிடிபட்டது. எங்கே படிப்பது என்பதற்கு முன்னால், படித்து என்னவாக வாழ்வது என்று ஒரு கேள்வி நின்றது. பியானோக்காரர் என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது மூன்று வேறு வாழ்க்கைகள் இருக்கின்றன.

தனி மேடை

நம்முடைய கச்சேரிகளில் மேடையில் ஒரு ஆள் தனியாக இருப்பது அபூர்வம். பாடகருக்குப் பக்கத்தில் வயலின், மறுபக்கம் மிருதங்கம், பின்னால் தம்புரா. நாதஸ்வரத்துக்குத் தவில். ஒருவருக்கு மூச்சு வாங்கினால் மற்றவர் தாங்குவார். பியானோத் தனிக் கச்சேரியில் அந்த வசதி இல்லை. ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஒரே ஆள். எதிரில் தாளும் இருக்காது, ஆயிரக்கணக்கான சுரங்கள் அத்தனையும் மனப்பாடம். ஓரிடத்தில் மனம் வழுக்கினால் நிரவல் செய்து சமாளிக்க முடியாது. அடுத்த சுரம் எது என்று நூறு, இருநூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் எழுதிவைத்துவிட்டார், சபையில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

இந்த இரண்டு வழக்கங்களும் அவ்வளவு பழையவையும் அல்ல. முழு நிகழ்ச்சியையும் ஒரே ஆளாக நடத்தும் பழக்கத்தைப் பரப்பியவர் ஹங்கேரியப் பியானோக்காரர் ஃபிரான்ஸ் லிஸ்ட். 1840இல் லண்டனில் அவர் வாசித்தபோதுதான் 'ரிசைட்டல்' என்ற பெயரும் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பு ஒரு நிகழ்ச்சி என்றால் பாடகர், வயலின்காரர், பியானோக்காரர் என்று கலவையாக வந்து போவார்கள். தாள் இல்லாமல் வாசிப்பதை முன்னெடுத்தவர்களில் கிளாரா ஷூமன் முக்கியமானவர். அந்தக் காலத்தில் அதைச் சிலர் திமிர் என்று பார்த்தார்கள். இன்று தாளோடு மேடையேறினால்தான் புருவம் உயர்கிறது. கிளாரா எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவர், கணவர் நோயில் விழுந்து இறந்தபின் கச்சேரி செய்தே குடும்பத்தைக் காப்பாற்றியவர். பெண்பிள்ளைக்கு இந்தத் தொழில் சரிவருமா என்று இழுக்கிற சொந்தக்காரருக்கு அவருடைய கதை போதும்.

இன்னொன்றை நான் அதுவரை யோசித்ததே இல்லை. வயலின்காரர் தன் வயலினைத் தோளில் போட்டுக்கொண்டு போகிறார். பியானோக்காரருக்கு ஒவ்வொரு ஊரிலும் புது வாத்தியம், முன்பின் தெரியாத கட்டைகள். கச்சேரி மண்டபத்துப் பெரிய ஸ்டைன்வே பியானோ ஒன்று 274 சென்ரிமீற்றர் நீளம், ஐந்நூறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஹொரோவிட்ஸ் போன்ற ஓரிருவர் தங்கள் பியானோவையே ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மற்றவர்களுக்கு விமானத்தில் வந்து இறங்கிய அன்று மத்தியானம் அதோடு இரண்டு, மூன்று மணி நேரப் பழக்கம். அப்புறம் மேடை, பிறகு ஹோட்டல் அறை, அடுத்த விமானம்.

இப்படியே கடைசிவரை வாழ்ந்தவர்கள் உண்டு. ஆர்தர் ரூபின்ஸ்டைன் 1976இல் தன் 89ஆவது வயதில்தான் மேடையை விட்டார், அதுவும் கண் பார்வை போனதால். ஆனால் பெரிய பெயர்களை அடுக்கிப் பார்த்தபோது, வென்ற பிறகும் விலகி நின்றவர்கள் எத்தனை பேர் என்பதுதான் எனக்கு ஆச்சரியம் தந்தது. கிளென் கூல்ட் 1964இல், 31 வயதில், இனி மேடையே வேண்டாம் என்று ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போய்விட்டார். ஹொரோவிட்ஸ் 1953 முதல் 1965 வரை பன்னிரண்டு வருடம் சபையின் முகம் பார்க்கவில்லை. லியோன் ஃபிளைஷருக்கு முப்பதுகளின் நடுவில் வலது கை விரல்கள் தாமாகச் சுருளத் தொடங்கின. பல பத்து வருடங்கள் இடது கைக்கென்று எழுதப்பட்டவற்றை வாசித்தும், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தும்தான் வாழ்ந்தார். 1965இல் வார்சோவில் ஷோப்பான் பியானோப் போட்டியை வென்ற மார்த்தா ஆர்கெரிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் அவருக்குக் கிடைக்காத மேடை இல்லை. 1980களிலிருந்து அவர் தனிக் கச்சேரி செய்வதே அரிது. இசைக்குழுவோடு வாசிப்பார், நண்பர்களோடு இரண்டு பேர், மூன்று பேராக வாசிப்பார். தனியாக இருப்பதுதான் பிடிக்கவில்லை.

இதையெல்லாம் வாசித்துக் காட்டியபோது அத்தான், "சும்மா பயப்படுத்தாதை, டாங் தாய் சன் இருக்கிறார்தானே" என்றார். அவருக்கு அது பிடித்த கதை. ஹனோயில் பிறந்தவர், போர்க்காலத்தில் இசைப் பள்ளியே குண்டுவீச்சுக்குப் பயந்து கிராமத்துக்கு இடம்பெயர, அங்கே வளர்ந்து 1980இல் ஷோப்பான் போட்டியை வென்ற முதல் ஆசியர். போரைப் பார்த்த எங்கள் ஊர்க்காரருக்கு அந்தக் கதை நெஞ்சில் ஒட்டுவதில் வியப்பில்லை. ஆனால் கணக்குப் பார்க்கிறவனுக்கு அதில் வேறு வரிகளும் தெரிகின்றன. அவருடைய அம்மாவே அந்தப் பள்ளியில் பியானோ ஆசிரியர். ரஷ்ய ஆசிரியர் ஒருவரின் கண்ணில் பட்டு, இருபது வயதைத் தொடும்முன்பே அவர் மொஸ்கோவுக்குப் போய்விட்டார். ஷோப்பான் போட்டி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, வயது 16 முதல் 30 வரை. எங்கள் பிள்ளைக்குத் தாளில் இரண்டு வாய்ப்பு இருக்கிறது. அங்கே வந்து நிற்கிற மற்றப் பிள்ளைகள் ஐந்து, ஆறு வயதிலிருந்து அதற்கென்றே உள்ள பள்ளிகளில் படித்தவர்கள்.

பிந்தி வந்து வென்றவர் இல்லையா? இருக்கிறார், சோவியத் பியானோக்காரர் ரிக்டர். 22 வயதில்தான் மொஸ்கோவுக்குப் போய் நோய்ஹவுஸ் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். அதற்கு முன்பு பெரும்பாலும் தானாகவே கற்றவர். ஆனால் அந்த வருடங்களில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? ஒடெசா ஒபேரா அரங்கில் பாடகர்களின் ஒத்திகைக்குப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில்தான் என் தாள் வேறு பக்கம் திரும்பியது.

துணை

தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தி பக்கவாத்தியக்காரர்தான். திருவிழாவில் அவருடைய தவிலைக் கேட்கவென்றே சனம் விடிய விடிய இருந்ததை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் இருந்து வாசிப்பது குறைந்த வேலை என்று நாங்கள் நினைப்பதில்லை. பியானோ என்று வந்தால் மட்டும் ஏனோ தனி மேடை ஒன்றே கண்ணில் நிற்கிறது.

இலங்கைப் பியானோக்காரர் ரொஹான் டி சில்வா லண்டன் ரோயல் அக்கடமியிலும் நியூயோர்க் ஜூலியர்டிலும் படித்தவர். 1990இல் மொஸ்கோ சாய்கோவ்ஸ்கி போட்டியில் சிறந்த துணை வாசிப்பாளர் என்று தனிப் பரிசு வாங்கினார். வயலின் மேதை இட்சாக் பெர்ல்மனோடு உலகம் சுற்றி வாசிக்கிறார். இந்த மண்ணிலிருந்து போன ஒருவர் உலகத்தின் முதல்தர மேடைகளில் நிலைத்து நிற்கிறார் என்றால் அது இந்த வழியால்.

துணை வாசிப்புக்கு வேண்டிய திறமை வேறு. தாளைக் கண்டவுடன் வாசிக்க வேண்டும். பாடகருக்குச் சுருதி ஒத்துவராவிட்டால் அந்த இடத்திலேயே இறக்கி வாசிக்க வேண்டும். பாடுகிறவர் எங்கே மூச்செடுப்பார் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். போன நத்தாருக்கு முந்திய கிழமை கரோல் நிகழ்ச்சியில் நான் பார்த்தது இது. பதினொரு வயதுப் பொடியன் ஒருவன் தனியாகப் பாடினான். இரண்டாம் சரணத்தின் நடுவில் பயத்தில் நாலு வரியை விழுங்கிவிட்டு மூன்றாவதுக்குப் போய்விட்டான். மருமகள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தாளை அல்ல. அவளுடைய இடது கை ஒரு நொடி எங்கேயோ தொங்கியது, அடுத்த நொடி அவனோடு போய் நின்றது. பாட்டு முடிந்து சனம் கை தட்டியபோது பொடியனுக்கே தான் தவறவிட்டது தெரியவில்லை. பின்வரிசையில் இருந்த ரீச்சர் என் முழங்கையில் இடித்தார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது உட்துறைமுக வீதியில் ஓட்டோ பார்த்துக்கொண்டு நின்ற நேரம் ரீச்சர் சொன்னார்: "தம்பி, அவளுக்குக் கை இருக்குது. தனிய இருந்து வாசிக்கிற மனம் இருக்கோ எண்டு அவளைத்தான் கேக்கோணும்."

எட்டாம் கிரேட் வீடியோவையும் கரோல் வீடியோவையும் பிறகு அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். முதலாவதில் தோள் காது வரைக்கும் ஏறி இருக்கிறது. இரண்டாவதில் இல்லை. எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் தோள் தெரியும்.

மூன்றாவது வாழ்க்கை ஆசிரியர் வேலை. அதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை, ஏனென்றால் அது மற்ற இரண்டோடும் சேர்ந்தே வரும். கச்சேரி செய்கிறவர்களிலும் மிகப் பெரும்பாலானோர் சோறு தின்பது சொல்லிக்கொடுக்கிற காசில்தான்.

சரி, எங்கே?

லண்டனை முதலில் வெட்டிவிட்டேன். ரோயல் அக்கடமி 1822இலிருந்து நடக்கிறது, ரோயல் கொலேஜ் அதற்கு அறுபது வருடம் இளையது. தரத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளிநாட்டுப் பிள்ளைக்கு வருடக் கட்டணம் மட்டும் 25,000 பவுணுக்கு மேல், அப்படி நாலு வருடம், அறையும் சாப்பாடும் தனி. புலமைப்பரிசில் உண்டு. அது கிடைக்கிற பிள்ளைகளின் வாசிப்பை யூடியூப்பில் கேட்டுவிட்டு அத்தானே லப்டொப்பை மூடிவிட்டார். படிப்புக் கட்டணமே வாங்காத கேர்ட்டிஸ் என்ற கல்லூரி பிலடெல்பியாவில் இருக்கிறது, 1928இலிருந்து அப்படித்தான். அங்கே இடம் எடுப்பதை நான் லொத்தர் கணக்கில் எழுதினேன்.

ஜேர்மனி அப்படி ஒதுக்கக்கூடியது அல்ல. அரச இசைக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் வெளிநாட்டாருக்கும் படிப்புக் கட்டணம் இல்லை என்று பெரியப்பா, அதாவது அத்தானின் அண்ணன், சொல்வது உண்மைதான். பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநிலம் மட்டும் 2017இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. பெரியப்பா இருப்பது ஸ்டுட்காட்டில், அதாவது அதே மாநிலத்தில். இதை அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. விசாவுக்கு ஒரு வருடச் செலவாக 11,000 யூரோவுக்கு மேல் முடக்கக் கணக்கில் வைத்துக் காட்ட வேண்டும். பொறுப்பேற்பதாக அவர் எழுதிக்கொடுத்தால் அதற்கு மாற்று வழி உண்டு. பணம் ஒரு மாதிரி புரளும். நுழைவுப் பரீட்சைதான் மலை. பாக் எழுதியது ஒன்று, ஒரு சொனாட்டா, விரல் திறமையைக் காட்ட ஒரு எட்யூட், அதோடு பிந்திய காலத்து உருப்படி ஒன்று, எல்லாம் மனப்பாடமாக. தனியே இசைக் கோட்பாடும் காதுப் பயிற்சியும். ஜேர்மன் மொழிச் சான்றிதழும் வேண்டும். இன்றைக்குப் போனால் அவள் தோற்பாள். இரண்டு வருடம் ஒழுங்காகத் தயாரானால் என்னவென்று சொல்ல முடியாது.

ஆனால் துணை வாசிப்பு என்று பார்த்தால் ஜேர்மனியைப் போல ஒரு நாடு இல்லை. அரச பணத்தில் நடக்கிற ஒபேரா அரங்குகளே ஏறக்குறைய 80. ஒவ்வொன்றிலும் ஒத்திகைக்குப் பியானோ வாசிக்க மாதச் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். பாடகருக்குத் துணை வாசிப்பதையே தனிப் பட்டமாகப் படிக்கவும் முடியும். ஆக, பெரியப்பா சொன்ன இடம் சரி, சொன்ன காரணமும் நேரமும்தான் பிழை.

சென்னை? அக்காவுக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது. தமிழ் ஊர், பலாலியிலிருந்து விமானம் இருக்கிறது, கோயிலுக்கும் போய்வரலாம். ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேற்கத்தியப் பியானோவை முறையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், பியானோவில் பெயரெடுத்த லிடியன் நாதஸ்வரம் அங்கே படித்த பிள்ளை. சினிமா இசைக்குப் போக விருப்பம் இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு சென்னை என்று எழுதியிருப்பேன். இவளுக்கு அந்தப் பக்கம் ஈர்ப்பு இல்லை. கர்நாடக சங்கீதத்தைப் பியானோவில் வாசிக்கிற அனில் சீனிவாசனைப் போல ஒரு வழி பிடிக்கவும், இவள் சங்கீத வகுப்பை ஏழாம் ஆண்டோடு விட்டவள்.

இனிக் கொழும்பும் எங்கள் ஊரும்.

ஊரில் இருப்பதன் லாபத்தை நான் குறைத்து எழுதவில்லை. கோணேசபுரி வளாகத்தில் ஒரு பட்டம், பின்னேரங்களில் பத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு, ஏபிஆர்எஸ்எம் டிப்ளோமாவில் முதல் படியை வீடியோவிலேயே முடிக்கலாம். வீட்டுச் சாப்பாடு, கடன் இல்லை, டச்சுக் குடாவில் பின்னேரக் காற்று. அக்கா கேட்பதில் நியாயம் இல்லை என்று யார் சொல்வது? குறை ஒன்றுதான், அது பெரிய குறை. இங்கே அவளைவிட நன்றாக வாசிக்கிறவர் ரீச்சர் ஒருவர். ரீச்சருக்கு எழுபது தாண்டிவிட்டது, விரல் மூட்டில் வாதம். தன்னைவிடத் திறமான ஆளை வாரத்தில் ஒருநாளாவது பக்கத்தில் இருந்து கேட்காத காது மெல்ல மெல்ல மந்தமாகும். ரீச்சர் இதைத் தன்னை வைத்தே சொன்னார், சொல்லும்போது சிரித்தார்.

கொழும்பில் அந்தக் காதுக்கு வேலை இருக்கிறது. இலங்கை சிம்பொனி இசைக்குழு 1958இலிருந்து இயங்குகிறது. லயனல் வென்ட் அரங்கு 1953இல் திறந்தது. அந்த வென்ட்டே ஒரு விசித்திரமான ஆள், படித்தது சட்டம், வாசித்தது பியானோ, உலகம் நினைவில் வைத்திருப்பது அவருடைய புகைப்படங்களை. பாட்டு ஆசிரியர்கள், பாடகர் குழுக்கள், பாலே வகுப்புகள், வயலின் பரீட்சை எடுக்கிற பிள்ளைகள் என்று துணைக்கு ஆள் தேடுகிறவர்கள் எல்லோரும் இருக்கிற ஊர் அது. கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகமும் அங்கேதான், உயர்தரப் பெறுபேற்றோடு செய்முறைத் தெரிவுப் பரீட்சையும் வைக்கிறார்கள். பட்டம் இல்லாமல் பிள்ளை நிற்கக்கூடாது என்கிற அக்காவுக்கு இது பாதி ஆறுதல். இடம் கிடைத்தால் அரச பாடசாலை ஆசிரியர் வேலைக்கும் ஒரு கதவு திறந்திருக்கும்.

தொல்லைகளும் எழுதவேண்டும். பஸ்ஸில் ஏழு மணி நேரம், இரவு ரயில் அதைவிடக் கூட. வெள்ளவத்தையில் அறை வாடகை எங்கள் ஊரில் ஒரு முழு வீட்டு வாடகை. அறையில் பியானோ வைக்கவும் விடமாட்டார்கள். அது அடுத்த சண்டைக்குக் காரணமாகிவிட்டது.

எந்தப் பியானோ

ரீச்சர் தன்னுடைய பழைய ஜேர்மன் அப்ரைட்டை, அதாவது நிமிர்ந்து நிற்கிற பியானோவை, எங்களுக்குத் தர முன்வந்தார். கிட்டத்தட்ட இனாம் விலை. நான் வேண்டாம் என்றேன், டிஜிட்டல் ஒன்றைப் புதிதாக வாங்கலாம் என்றேன். இதை எழுதுகிற நேரத்தில் இரண்டும் எங்கள் வீட்டில் இருக்கின்றன என்பதிலிருந்து என் சொல் எவ்வளவு எடுபட்டது என்று விளங்கும்.

ஆனாலும் என் காரணங்களைச் சொல்லிவிடுகிறேன், கடலோர ஊர்க்காரர் வேறு யாருக்காவது உதவும். ஒரு பியானோவுக்குள் 230 கம்பி அளவில் இருக்கும். அவை எல்லாம் சேர்ந்து வார்ப்பிரும்புச் சட்டத்தை இழுக்கிற இழுவை இருபது தொன்னுக்குக் கிட்ட. பின்னால் இருக்கிற மெல்லிய மரப் பலகைதான் சத்தத்தைப் பெருக்குகிறது. அந்த மரம் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும், சுருதி அதோடு ஏறி இறங்கும். பியானோவுக்குப் பிடித்த ஈரப்பதன் நூற்றுக்கு நாற்பது, ஐம்பது. எங்களுக்கோ வருடத்தில் பாதி வாடைக்காற்றும் மழையும், மற்றப் பாதி கச்சான் காற்று அடித்து உதடு வெடிக்கும். போதாததற்குக் கடலுப்பு. கம்பி துருப்பிடிக்கும், சுத்தியல் கம்பளியைப் பூச்சி தின்னும், கறையான் மரத்தைப் பார்த்துக்கொள்ளும். சுருதி சேர்க்கிறவர் கொழும்பிலிருந்து வரவேண்டும், வந்தால் சாப்பாடும் படுக்கையும் எங்கள் பொறுப்பு.

டிஜிட்டலுக்கு இதொன்றும் இல்லை. 88 கட்டையும் பாரமான கட்டையாக, அடியில் சுத்தியல் பொறிமுறையோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கவேண்டும். பாரமில்லாத கீபோர்டில் பழகின விரல் நிஜப் பியானோவில் தடுமாறும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெள்ளவத்தை அறையில் இரவு பதினொரு மணிக்கும் வாசிக்கலாம். மின்சாரம் ஏறி இறங்கினால் போர்ட் எரியும், அதற்கு ஒரு பாதுகாப்புப் பெட்டி போதும்.

மருமகள் சொன்ன எதிர்வாதம் 2022. பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்களில் ஊரில் எல்லாம் செத்துக் கிடந்தபோது ரீச்சர் வீட்டு அப்ரைட் ஒன்றுதான் பேசியது. மெழுகுதிரி வெளிச்சத்தில் தாள் தெரியாமல்தான் மனப்பாடமாக வாசிக்கப் பழகினாளாம். அதோடு, மெல்ல அழுத்தினால் மெல்லவும் நிறுத்தினால் நிற்கவும் செய்கிற அந்த மரக்கட்டைக்கும் ஒலிபெருக்கியில் வருகிற சத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு விளங்காது என்றாள். விளங்காதுதான்.

அப்ரைட்டைத் தூக்க ஆறு பேர் வந்தார்கள். கீழ்ப் பலகையைக் கழற்றியபோது உள்ளே மஞ்சளாக ஒரு பல்ப் எரிந்துகொண்டிருந்தது. 25 வாட்ஸ் குண்டு பல்ப். ஈரத்தை விரட்ட ரீச்சர் இத்தனை வருடமாகச் செய்த வேலை அது. வாடை தொடங்கினால் போடுவாராம், கச்சான் தொடங்கினால் நிறுத்துவாராம். பக்கத்தில் சூடு காய்ந்துகொண்டிருந்த பல்லி ஒன்று எங்களைப் பார்த்துவிட்டுக் கம்பிகளுக்குள் போய்விட்டது. "எல்.ஈ.டி. போட்டிடாதேங்கோ, அது சுடாது" என்று சொல்லி, ஷொப்பிங் பையில் சுற்றிய நாலு பல்ப்பையும் என் கையில் தந்தார். இப்போது கடையில் கிடைக்காது என்று முன்பே வாங்கிச் சேர்த்து வைத்திருக்கிறார்.

தாளின் கடைசி வரி

என் முடிவு இது. ஒன்றரை வருடம், கூடினால் இரண்டு வருடம் கொழும்பு. நல்ல ஆசிரியரிடம் வாரம் ஒருமுறை, மீதி நேரம் துணை வாசிப்பு, கிடைக்கிற எவருக்கும். பல்கலைக்கழகத் தெரிவுப் பரீட்சைக்கும் போகட்டும். ஜேர்மன் மொழியை இப்போதே தொடங்கட்டும். ஜேர்மனிக்கு விண்ணப்பங்கள் பல இடங்களில் மார்ச், ஏப்ரலோடு முடிந்துவிடும், அதனால் அடுத்த வருடத்தை விட்டு அதற்கடுத்த வருடம் ஒருமுறை முயலட்டும். கிடைக்காவிட்டால் டிப்ளோமாவும் இரண்டு வருடக் கேள்வி ஞானமும் கையில் இருக்கும், ஊருக்கு வந்தாலும் நஷ்டக் கணக்கு அல்ல. தனி மேடை இந்தத் தாளில் இல்லை. அவளுக்கு வேண்டுமென்றால் அவளே எழுதிச் சேர்க்கட்டும் என்று கீழே இரண்டு வரி வெறுமையாக விட்டேன்.

எல்லோர் முன்னாலும் வாசித்தேன். அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு டிவி பார்த்தார். அவருடைய ஏமாற்றம் எனக்கு விளங்குகிறது. மகளின் பெயர் அச்சடித்த சுவரொட்டி ஒன்றை எத்தனையோ வருடமாக மனதுக்குள் வைத்திருந்த மனிதர். அக்கா வாடகைக் கணக்கை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தாள். மருமகள் தாளை வாங்கி வெறுமையாய் இருந்த வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மாமா, அந்த கரோல் பொடியன் இப்ப பாட்டில அஞ்சாம் கிரேட் எடுக்கிறானாம். பரீட்சைக்கு நான்தான் வாசிக்கோணுமாம். கொழும்பிலயிருந்து வரலாமோ?"

வரலாம் என்றேன். அந்த இரண்டு வரியையும் அவள் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு ரயிலுக்கு அவளுக்கும் அக்காவுக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. டிஜிட்டலைத் தெரிந்தவரின் வானில் ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறோம். அப்ரைட் எங்கள் முன்னறையில் நிற்கிறது. நேற்றிரவு வாடை தொடங்கிவிட்டது, குனிந்து பலகை இடுக்கால் பார்த்தேன், பல்ப் எரிகிறது. பல்லியும் வந்து சேர்ந்துவிட்டது.